பதினாலாம் கம்பம்

மலைநாட்டிலிருந்து எங்களிடம் வரும்போது
யூக்கலிப்டஸ் படுத்துக்கொண்டுதான் வரும்.
லொறிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு,
நுனியில் ஒரு சிவப்புத் துணி.
கிளையில்லை, பட்டையில்லை, தாரில் குளித்த கறுப்பு உடம்பு.
இறக்கும்போது எண்ணி எடுப்பேன்.
எல்லாம் ஒன்பது மீற்றர்.
உயரம் என்பது எனக்குக்
கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுக்கும் சாமான்.

மயிலிட்டியில் நிலம் விட்ட மாசியில்
லைன் இழுக்கப் பாதை பார்க்கப் போனபோதுதான்
நிற்கிற ஒன்றைக் கண்டேன்.

நாயுருவிக்கும் உடைமரத்துக்கும் மேலே
தனியாக, வெள்ளையாக,
தோல் உரிந்து நாடா நாடாவாகத் தொங்க.
பக்கத்துப் பனை அதன் இடுப்புக்குத்தான் வரும்.
யார் நட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.
இருபத்தேழு வருஷம் யார் அங்கே இருந்தார்கள் என்று
எல்லாருக்கும் தெரியும்.

மீற்றர்க் கோலை நிலத்தில் குத்தினேன்.
அதன் நிழல் எண்பது சதமமீற்றர்.
மரத்தின் நிழலை நாடா பிடித்து அளக்க
டெனிஸ்ரன் முள்ளுக்குள்ளால் ஓடினான்,
வேலி இருந்த இடம் கடந்து,
கூரையில்லாத ஒரு வீட்டின் அறைக்குள் போய் நின்று கத்தினான்:
“இருபத்தைஞ்சு அறுபது, மிஸ்!”
முப்பத்திரண்டு மீற்றர்.
மூன்று கம்பம், மிச்சம் ஐந்து மீற்றர்.
என் மூளை அப்படித்தான் கணக்குப் பார்க்கும்,
என்ன செய்ய.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.
சுன்னாகத்து மர வியாபாரி
முதுகில் தட்டுவதுபோல் அடிமரத்தில் தட்டி
ஒரு விலை சொன்னார். பிறகு, தானே அதைக் குறைத்தார்.
ஞானப்பிரகாசி உதிர்ந்த இலையைக் கசக்கி மணந்தா.
“தைலம் போத்தலுக்கை இருக்கும் எண்டுதான் நினைச்சனான்.”
மகனுக்கு இளைப்பு, ஆவி பிடிக்க வேணும்.
மடி நிறையப் பொறுக்கினா.
நான் நிழலில் ஒதுங்கினேன், வெயில் சுட்டது.
இலையெல்லாம் கத்திபோல் செங்குத்தாகத் தொங்கினால்
நிழல் எங்கே விழும்?
இவ்வளவு உயர்ந்தும்
ஒரு ஆளுக்குக் காணாத நிழல்.

குணமாலை மட்டும் மரத்தைப் பார்க்கவில்லை.
கையில் உறுதி, பொலித்தீன் பைக்குள்.
எல்லைக்கல் இல்லை, அத்திவாரம் இல்லை,
சிவந்த மண்ணை மட்டமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள்.
“என்ரை கிணறு எங்கை?”
மரத்தைக் கேட்கிறாவா எங்களையா என்று
விளங்கவில்லை.

வியாபாரிதான் சொன்னார், விலையை மறந்து:
“இது தண்ணி குடிக்கிற சாதி, அக்கா.
சுண்ணாம்புக் கல்லிலை இவ்வளவு வளருமே?
எங்கையோ ஊத்திலை கால் வைச்சிருக்கு.”

டெனிஸ்ரன் மண்வெட்டி எடுத்தான்.
மரத்திலிருந்து நாலு பாகம் தள்ளி, மூன்றாவது இடத்தில்
கட்டு தட்டுப்பட்டது.
உடைந்த ஓடும் முள்ளுக்கம்பியும் அடைத்த கிணறு.
அந்தக் குப்பைக்குள்ளால்
விரல் மொத்தத்தில் வேர்கள் இறங்கியிருந்தன.
குணமாலை ஒரு வேரைப் பிடித்து இழுத்துப் பார்த்தா.
வரவில்லை.
“குடிச்சிட்டுது எல்லாம்,” என்றா.
கொஞ்ச நேரம் கழித்து,
“காட்டியும் தந்திட்டுது.”

வரைபடத்தில் என் கோடு மரத்துக்கு நேரே போகிறது.
விதிப்படி, கம்பிக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்பதை வெட்டி
செத்துக் கறுத்ததை நடவேண்டும்.
“தறிக்கிறதா, விடுகிறதா?”
“முதல்லை கிணறு இறைப்பம், பிள்ளை.
தண்ணி வந்தால் ஒரு கதை.
வராட்டில் வேறை கதை.”

அடுத்த கிழமை நான் போகமுதலே
பெயின்ற் வாளியோடு போன டெனிஸ்ரன்
வரிசையில் நின்றதுக்கெல்லாம் இலக்கம் எழுதிவிட்டான்.
பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில்
வெள்ளைத் தோலில் கறுப்பாக, வடிவாக: 14.
பிழையாக எழுதினானோ,
வேண்டுமென்று எழுதினானோ, கேட்கவில்லை.

பதிவேட்டில் ‘நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு.
உக்கல், சரிவு, வெடிப்பு,
இவற்றில் ஒன்றைத்தான் எழுதுவோம்.
பதினாலுக்கு நேரே நான் எழுதியது: வளர்கிறது.

கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது,
விளக்கம் கேட்டு.
பதில் எழுதமுதல் இன்னொருக்கால் அளக்கவேண்டும்.
பட்டை உரிகிற காலம் இது,
இலக்கம் இப்போதே பாதி கழன்றுவிட்டதாம்.